ஏழாம் நம்பர் ஓடைப் பக்கம்

வயரைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். நீல வயர், மெஷினுக்குப் பின்னால், மேலிருந்து இரண்டாவது. காலையில் பதினோரு மணிக்கே பிடுங்கியிருக்க வேண்டியது, கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து சார் அப்படித்தான் எழுதியிருந்தார், பதினோரு மணிக்கு எல்லோரும் தேயிலைக் காட்டுக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள், ரோட்டில் ஆள் இருக்காது, அந்த நேரத்தில் முதல் மெஷினை நிறுத்திப் பாருங்கள் ரெஜினா, இரண்டாவது தானாக எழுந்து வேலையை எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள், மழைக்காலம் முழுசாகப் பிடிப்பதற்குள் இதை முடித்தாக வேண்டும். பதினோரு மணிக்குக் கை வயர்வரைக்கும் போனது. அப்புறம் டீ குடித்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. டீ குடித்த பிறகு மேஜையைத் துடைத்தேன். துடைத்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தேன். இப்போது மணி மூன்று இருபது, சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கூட்டுறவுக் கடையின் கூரையை விழுங்கிவிட்டது, நாலேகாலுக்கு ஏழாம் நம்பர் காட்டிலிருந்து பெண்கள் இறங்கத் தொடங்குவார்கள், அதில் என் அக்கா புஷ்பலதாவும் இருப்பாள், நான் இன்னும் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வயரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். இந்த அறையில் நாங்கள் செய்வது சின்ன வேலை, ஒரே வரியில் சொல்லிவிடலாம்: யானை எங்கே நிற்கிறது என்று காட்டிலிருக்கிற ஆள் சொல்வார், அது இருநூற்றுப் பதினாலு பேருடைய போனுக்குப் போகும். நடுவில் அதை வாங்கி வரிசையில் வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற, இந்த மெஷினில் ஓடுகிற நிரலுக்கு மெசேஜ் புரோக்கர் என்று பெயர். அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள், உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லேன்டி அதை என்றாள். யானை என்று செய்தியில் எழுத மாட்டோம். இந்த மலையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் கேட்டுக்கொண்டு வந்து நிற்கும் என்று ஒரு பேச்சு. பெரியவங்க என்றுதான் எழுதுவோம். பெரியவங்க, இடம், அவ்வளவுதான். முன்பு நேரமும் போட்டுக்கொண்டிருந்தோம். நேரத்தைப் பார்த்துவிட்டு, அட, இது அரை மணிக்கு முந்தியது, இந்நேரம் போயிருப்பாங்க என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்பதால் போன வருஷம் நேரத்தை எடுத்துவிட்டோம். நான்தான் எடுத்தேன்.

தங்கமுத்து அண்ணன் செத்தது ஜூன் மாதம். தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேன். காலையில் வேலை முடிந்து போகும்போது இந்த அறைக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, என்னா புள்ள, இன்னிக்கு எங்க நிக்கிறாங்க உன் விருந்தாளிங்க என்று கேட்பார். அன்றைக்கு அவர் வரவில்லை. அன்றைக்குக் காலை ஆறரைக்குக் கரண்ட் போனது, மெஷின் அணைந்தது, அது கையில் வைத்திருந்த மூன்று செய்திகள் அதோடு போயின. அதில் ஒன்று ஃபேக்டரி வளைவு, அங்கேதான் பெரியவங்க அவரை அடித்துப்போட்டார்கள். விசாரித்தவர்களிடம் கரண்ட் போனது என்று சொன்னேன், அது பொய்யில்லை. கரண்ட் போனால் தாங்குவதற்குத்தானே யூபிஎஸ் வைத்திருக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். அதன் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது என்று அது நாலு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. பீப், பீப், அரை நிமிஷத்துக்கு ஒரு தரம், மண்டைக்குள் ஆணி இறக்குகிற மாதிரி. முன்பக்கத்துப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். பிடித்தேன். நின்றுவிட்டது. அந்த நிம்மதி இன்னும் என் விரலில் இருக்கிறது, அதை நினைத்தால் விரலை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது. அவருடைய நம்பரைப் பட்டியலிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. பட்டியலில் நூற்று ஆறாவது வரி. எடுக்க வேண்டும் என்று பலமுறை திறந்து பார்த்து மூடியிருக்கிறேன். அந்த ஜூனுக்குப் பிறகுதான் சார் இரண்டாவது மெஷின் அனுப்பினார், எஸ்டேட் டிஸ்பென்சரியில் வைத்தோம், அங்கே வேறு கரண்ட் லைன், வேறு பேட்டரி. இரண்டு மெஷினும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இருக்கேன், இருக்கேன் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். பத்து விநாடி முதலாவதிடமிருந்து சத்தமில்லையென்றால் இரண்டாவது தானே எழுந்துகொள்ளும். பதினைந்து நாளைக்கு முன் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதி முடித்தேன். முதலாவதுக்கு வருகிற ஒவ்வொரு செய்தியும் அந்த நொடியே இரண்டாவதின் டிஸ்கில் பிரதியாக விழ வேண்டும் என்று எழுதினேன். செய்தி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கலாம் என்று ஒரு கட்டம் கேட்டது. பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் சாகவே சாகாது என்று அர்த்தம். இனி இந்த மலையில் ஒரு செய்திகூடத் தொலையாது என்று சொல்லிக்கொண்டேன், அதைச் சொல்லும்போது அழுதேன், டிஸ்பென்சரி நர்ஸ் தலைவலியா என்று கேட்டு மாத்திரை கொடுத்தாள்.

மூன்று முப்பத்தாறு. பிடுங்கிவிட்டேன். கை தானாகப் போனது, மனசைக் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மடிக்கணினித் திரையில் முதலாவதின் பெயருக்கு எதிரே பச்சை அணைந்து சாம்பலாகிவிட்டது. நாலு, ஐந்து. இப்போது சின்னாண்டி செய்தி அனுப்பினால் யார் வாங்குவார்கள், இந்த ஐந்து விநாடிக்கு இந்த மலையில் கேட்பதற்கு யாருமில்லை. சின்னாண்டி காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனுஷன், அவர் ஒருவர் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை. இரண்டே முக்காலுக்குப் போன் பண்ணினார், சோலை மேட்டுல நிக்கிறாங்க அம்மிணி, அஞ்சு உருப்படி, ஒண்ணு குட்டி என்றார், அது எல்லோருக்கும் போய்விட்டது. ஏழாம் நம்பரிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி, மேலே சோலை மேடு, கீழே ஓடை. பெரியவங்க மேலே நின்றால் பெண்கள் கீழே வருவார்கள், கீழே நின்றால் மேலே. எட்டு, ஒன்பது. பத்து. ஒன்றுமில்லை. பதினொன்று. ஒன்றுமில்லை, செத்தேன், வயரைத் திரும்பச் செருகிவிடலாம். பன்னிரண்டில் இரண்டாவதுக்கு எதிரே பச்சை வந்தது. எழுந்துவிட்டது. நான் எழுதினது வேலை செய்கிறது. தங்கமுத்து அண்ணா, எழுந்துவிட்டது பாருங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். எஸ்டேட் கூலிக்காரி மகள், பொள்ளாச்சி பாலிடெக்னிக்கில் இரண்டு அரியர் வைத்துத் தேறியவள், அவள் எழுதினது எழுந்து நிற்கிறது. சாருக்குச் சொல்லப் போனை எடுத்தேன், எடுத்த கையிலேயே அது அதிர்ந்தது. பட்டியலில் என் நம்பரும் இருக்கிறது, செய்தி எனக்கும் வரும். பெரியவங்க. ஏழாம் நம்பர் ஓடைப் பக்கம்.

சோலை மேட்டிலிருந்து ஓடைக்கு இறங்கிவிட்டார்களா. இவ்வளவு சீக்கிரத்திலா, குட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சரிவிலா. சரி, இறங்கியிருக்கலாம், சின்னாண்டி பார்த்துத்தானே அனுப்பியிருப்பார், அப்படியென்றால் அக்கா மேல்வழியாக வந்துவிடுவாள், நல்லது. இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று சின்னாண்டிக்குப் போட்டேன். நாலு ரிங் போனது. ரகசியக் குரலில் பேசினார், பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால் அவர் அப்படித்தான் பேசுவார். "அண்ணே, ஓடைக்கு எறங்கிட்டாங்களா?" "யாரு சொன்னா அம்மிணி? எங்கயும் எறங்கல. சோலை மேட்டுலயேதான் நிக்கிறாங்க. குட்டி படுத்திருக்கு, அதுக்காவ நிக்கிறாங்க." "நீங்க இப்ப அனுப்பலையா?" "நான் எங்க அனுப்புனேன்? அனுப்புனா உங்கிட்ட சொல்ல மாட்டனா?" அப்போது யார் அனுப்பினது. ஓடைப் பக்கம், ஓடைப் பக்கம், அந்த வரியை நான் முன்பே படித்திருக்கிறேன். பதினைந்து நாளைக்கு முன்னால், இரண்டாவது மெஷினை ஓட்டிவிட்ட அன்றைக்குச் சாயங்காலம், அதில் போய் விழுந்த முதல் செய்தி அது, விழுகிறதா என்று பார்க்க டிஸ்பென்சரியில் நின்றுகொண்டிருந்தேன், விழுந்ததும் கைதட்டினேன். திரையில் எண்ணிக்கையைப் பார்த்தேன். கொடுக்க வேண்டியவை தொண்ணூற்றெட்டு. அம்மா. வந்ததையெல்லாம் இரண்டாவதுக்குச் சொல்லச் சொன்னேனே தவிர, கொடுத்து முடித்ததைச் சொல்லச் சொல்லவில்லை. அதற்குத் தெரியாது. எல்லாம் போய்ச்சேர்ந்தது, படித்தார்கள், வேறு வழியில் வீட்டுக்குப் போனார்கள், சோறு தின்றார்கள், எதுவும் அதற்குத் தெரியாது. பதினைந்து நாள் செய்தியையும் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, பொறுப்பாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. செய்தியில் நேரம் கிடையாது. வாங்குகிறவளுக்கு அது பழசு என்று எப்படித் தெரியும். இரண்டே முக்காலுக்குச் சோலை மேடு என்று வந்தது, இப்போது ஓடை என்று வந்திருக்கிறது, யாராயிருந்தாலும் கடைசியாக வந்ததைத்தான் நம்புவார்கள். நான்கூட இப்போது நம்பினேனே. மேல்வழியில் ஏறுவார்கள். குட்டி படுத்திருக்கிறது.

அக்காவுக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. எடைக் கொட்டகைக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல், பாதையில் அங்கங்கே வரும், போகும். அவளோடு வேலை செய்கிற ரோஸ்மேரியக்காவுக்குப் போட்டேன், அதே குரல், அதே மரியாதை. ஏழாம் நம்பர் சூப்பர்வைசருக்குப் போட்டேன், எடுத்தார். "மழ வருதேன்னு சீக்கிரமாவே எடை போட்டு இப்பத்தான் அனுப்புனேன். ஏன், என்ன விசயம்?" "எந்த வழியாப் போனாங்க சார்?" "ஓடைன்னு மெசேஜ் வந்துச்சுல்ல, மேலதான் ஏறுனாங்க." போனை வைத்தேனா, கீழே போட்டேனா தெரியவில்லை. சின்னாண்டியை மறுபடி அனுப்பச் சொல்லலாம், அனுப்பினால் அது தொண்ணூற்று ஒன்பதாவதாக வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இருநூற்றுப் பதினாலு பேருக்கு ஒரு செய்தி போக நாலு நிமிஷம், அதன் முறை வருவதற்குள் ராத்திரி பத்து மணி ஆகிவிடும். வயரைத் திரும்பச் செருகினால் இரண்டு மெஷினும் நான்தான் முதலாவது என்று நிற்கும், இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். சாருக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப், மீட்டிங்கில் இருப்பார். போன் மறுபடி அதிர்ந்தது, இரண்டாவது பழைய செய்தி, பெரியவங்க, கோயில் வளைவு. இனி நாலு நிமிஷத்துக்கு ஒரு பொய், எல்லாம் நான் பத்திரமாக எடுத்துவைத்தவை. ஒரே வழிதான் இருக்கிறது, அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் மற்றதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரிசையைக் காலிசெய்ய வேண்டும். மொத்தமாக. கட்டளையை அடித்தேன், விரல் மூன்று தரம் தப்பாக அடித்தது. தொண்ணூற்றாறு செய்திகள் அழிக்கப்படும், திரும்பப் பெற முடியாது, சரியா என்று கேட்டது. சரியா என்று என்னிடம் கேட்கிறது. ஒன்றுகூடத் தொலைய விட மாட்டேன் என்று அழுதவளிடம் கேட்கிறது. இந்தத் தொண்ணூற்றாறில் சின்னாண்டி தவிர வேறு காவலாள் யாராவது இந்த ஐந்து நிமிஷத்தில் அனுப்பின உண்மையான ஒன்று இருந்தால்? யாரோ ஒருவருடைய வளைவு அதில் இருந்தால்? ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம். படித்தால் பத்து நிமிஷம். அக்கா ஏறிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை, மெதுவாகத்தான் ஏறுவாள், கடவுளே, அந்த முழங்கால் இன்றைக்கு நன்றாக வலிக்கட்டும். இந்த மாதிரி வேண்டிக்கொள்கிறவள் உருப்படுவாளா. சரி என்று அடித்தேன். பூஜ்யம். தொண்ணூற்றாறும் போயின, ஒரு சத்தமும் இல்லை.

செய்தியின் ஆயுள் என்ற கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு முப்பது நிமிஷம் என்று போட்டேன். அரை மணிக்கு மேல் அவர்கள் ஓரிடத்தில் நிற்பது அபூர்வம், நின்றால் சின்னாண்டி மறுபடி சொல்வார். அப்புறம் எங்கள் வழக்கத்தையெல்லாம் மீறி என் கையால் எழுதினேன். சோலை மேட்டில் யானை. குட்டியோடு ஐந்து. இப்போது மணி 3.46. ஓடை என்று வந்தது பழையது, நம்பாதீர்கள். திரும்புங்கள். ரெஜினா. யானை என்று எழுதிவிட்டேன், கேட்டுக்கொண்டு வரட்டும், என்னிடம் வரட்டும். அனுப்பினேன். போய்ச்சேர்ந்த நம்பர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின, இருபது, அறுபது, நூற்றைந்து, அங்கே ஒரு வரி பச்சையாகாமல் நின்றது, அதைத் தாண்டி நூற்றேழு, நூற்றெட்டு. மூன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. போய்ச்சேர்ந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. போய்ச்சேராதது இரண்டு. தங்கமுத்து. புஷ்பலதா. நடுவிலிருந்த வரிகளையெல்லாம் தூக்கிவிட்டுத் திரை அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியது. ரோஸ்மேரியக்காவுக்குப் போயிருக்கிறதே, அவள் வரி பச்சைதானே, இரண்டு பேரும் சேர்ந்துதானே நடப்பார்கள். சேர்ந்துதான் நடப்பார்கள், ஆனால் முழங்கால், முழங்கால் வலித்தால் பின்தங்குவாள், வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் யார். பின்தங்கினால் நல்லதுதானே, முன்னால் போகிறவர்கள்தானே முதலில். இல்லை, குறுக்கே ஏறியிருந்தால்? சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள், எங்கே குறுக்குவழி இருந்தாலும் ஏறிவிடுவாள், என் செருப்பு அறுந்துபோகும். ஒரு நாள் அறுந்த செருப்புக்காக அவளைக் கடித்துவைத்தேன், அந்தத் தழும்பு இப்போதும் அவள் மணிக்கட்டில் இருக்கிறது. மழை தகரத்தில் இறங்கத் தொடங்கியது. சின்னாண்டிக்குப் போன் போட்டால் அவருடைய போன் சத்தம் அவர்களைக் கிளப்பிவிடுமோ என்று பயந்து போடவில்லை. மூன்று ஐம்பத்தெட்டு. நாலு இரண்டு. அந்த இரண்டு பெயரையும் பார்க்காமலிருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரே கை செய்த இரண்டு வேலைகள் போல என் முன்னால் கிடந்தன.

நாலு ஒன்பதுக்கு அந்த வரி பச்சையானது. நான் நாற்காலியிலிருந்து எழுந்ததே எனக்குத் தெரியாது. உடனே போன் அடித்தது. "ஏண்டி, என்னடி இது, மாத்தி மாத்தி அனுப்புறீங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, எங்க இருக்க?" "எடைக் கொட்டகைலதான் இருக்கோம், எல்லாரும் எறங்கி வந்துட்டோம். மேல பாதி ஏறிட்டோம்டி. முன்னாடி போன ரோஸ்மேரி திடுக்குனு நின்னுட்டா. பாதைல பெரியவங்க போட்ட லத்தி கெடக்கு, ஆவி பறக்குது. அவ போன் அடிச்சுது. எடுத்துப் படிச்சா, உன் பேர் போட்டிருக்குன்னா. நாங்க வாயத் தொறக்கல, அப்படியே பின்னாலயே நடந்து வந்தோம். கெளை ஒடியிற சத்தம் கேட்டுச்சுடி. அவ்வளவு கிட்ட." "முழங்கால் எப்படிக்கா இருக்கு?" "இப்ப கேக்குற கேள்வியாடி இது? உசுரு போற மாதிரி வலிக்குது." நான் அழுதேன், அவள் அதட்டினாள், அதட்டியபடியே அவளும் அழுதாள். அப்போது மழையில் கரண்ட் போனது. அறை இருட்டாகி, மூலையில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது, பீப், பீப், புது பேட்டரி, புது யூபிஎஸ், அதே சத்தம். "என்னடி அது, காதைக் குடையுது. நிறுத்தேன்." "நிறுத்த மாட்டேன்க்கா." "ஏன்?" மடிக்கணினி மட்டும் வெளிச்சமாக இருந்தது. திரையில் ஒரே ஒரு பெயர் மிச்சம். செய்தி அனுப்பி இன்னும் அரை மணி ஆகவில்லை, இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு அது அவருக்குக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். "அக்கா, தங்கமுத்து அண்ணன் போன அன்னிக்கு..." என்றேன். "அதுக்கு நாலு நாள் முன்னாடி இது இப்படித்தான் கத்திச்சு. பேட்டரி போச்சுன்னு சொல்லத்தான் கத்திச்சு. நான் சத்தத்த நிறுத்திட்டேன். கரண்ட் போனது மட்டும் இல்லக்கா. நான் நிறுத்திட்டேன்." வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை, கொட்டகைத் தகரத்தில் விழுகிற மழை எனக்குக் கேட்டது, அவளுக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டிருக்கும். நாலு பதினாறுக்குத் தங்கமுத்து என்ற பெயருக்கு எதிரே காலாவதி என்று வந்தது. பீப் அடித்துக்கொண்டே இருந்தது, நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகவில்லை.